பக்கத்து சீட் காலியாகும் நாள்

போன வாரம் என் மாணவன் ஒருவனின் அப்பா போன் செய்தார். "சார், கூடச் சேர்ந்த பசங்கல்லாம் சோலோ போயிட்டாங்களாமே, நம்ம பையன் எப்போ?" சோலோ என்றால் பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் மாணவன் தனியாக விமானம் ஓட்டுவது. அந்த அப்பா மேல் எனக்குக் கோபமில்லை. 40, 50 லட்சம் கடன் வாங்கிப் பிள்ளையைப் பைலட் படிப்பில் சேர்த்தவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் அதே கேள்வியை அவனிடம் தினமும் ராத்திரி கேட்டிருக்கிறார் என்பது மறுநாள் காலை விமானத்தில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. கண்ட்ரோலைப் பிடித்த பிடியில் விரல் முட்டி வெளுத்திருந்தது. கண்ட்ரோல் டவரிலிருந்து ரேடியோவில் இரண்டு தடவை கூப்பிட்டும் அவன் காதில் விழவில்லை.

மகாராஷ்டிராவில் செஸ்னா 172 விமானத்தில் பயிற்சி கொடுக்கிறேன். முதல் சோலோவுக்கு முன்னால் வயிறு கலங்காத மாணவனை நான் அதிகம் பார்த்ததில்லை. "சார், பயமா இருக்கு" என்று சொல்கிறவனை அனுப்ப எனக்குத் தயக்கமே இல்லை. ஒன்றுமில்லாத மாதிரி நடந்துகொள்கிறவனை அனுப்பத்தான் யோசிப்பேன், ஏனென்றால் அவன் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

சோலோவுக்குத் தேதி குறிப்பதில்லை. பெரும்பாலும் 15 முதல் 25 மணி நேரம் எங்களோடு பறந்த பிறகு, ஏறியதும் இன்ஜின் நின்றால் என்ன செய்வது, இறங்க முடியாவிட்டால் எப்படி மேலே போவது எல்லாம் பலமுறை செய்து பார்த்த பிறகு, தலைமைப் பயிற்றுநரும் ஒருமுறை கூடப் பறந்து பார்ப்பார். அப்புறம் காற்று அடங்கிய ஒரு காலை வேளையில் மூன்று சர்க்யூட் போவோம் (ஏறி, ரன்வேயைச் சுற்றி வந்து இறங்குவது ஒரு சர்க்யூட்), என் கை இரண்டும் மடியிலேயே இருக்கும். மூன்று லேண்டிங்கும் நான் எதையும் தொடாமல் முடிந்தால், ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவேன். "என்னால முடியுமா" என்று நீ கேட்கிற கேள்விக்கு அந்த மூன்று லேண்டிங்கில் நீயே பதில் சொல்லிவிட்டாய் தம்பி, அதைப் பார்த்த பிறகுதான் நான் கதவைத் திறக்கிறேன்.

இறங்கும்போது என் சீட் பெல்ட்டைக் காலி சீட்டின் குறுக்கே இழுத்து மாட்டிவிட்டுப் போவேன். தொங்குகிற பெல்ட் கண்ட்ரோலில் சிக்கிவிடக் கூடாது. அந்த 'கிளிக்' சத்தம் கேட்கும்போதுதான் பலருக்குத் தொண்டை வறளும்.

அதற்கப்புறம் விமானமே வேறு மாதிரி நடந்துகொள்ளும், இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். என் எடை 78 கிலோ. நாங்கள் இருவரும் எரிபொருளும் சேர்த்து சுமார் 1,000 கிலோ இருக்கிற விமானத்திலிருந்து அது கழிந்தால், 55 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்கியதும் தரையை விட்டுச் சட்டென்று கிளம்பும். வழக்கமாக எந்த இடத்துக்கு மேலே 1,000 அடி தொடுவாயோ அதற்கு முன்பே தொட்டுவிடும். ஃபைனலில், அதாவது ரன்வேக்கு நேராக இறங்கி வரும் கடைசிக் கட்டத்தில், 65 நாட் சரியாக இருந்தாலும் உயரம் குறைய மறுக்கும், ரன்வேக்கு மேலே வந்த பிறகும் மிதந்துகொண்டே போகும். பவரைக் கொஞ்சம் முன்னதாகக் குறை, மிதந்தால் மிதக்கட்டும், தரையில் தள்ளி உட்கார வைக்காதே.

உடம்பைப் பற்றி ஒன்று. பதற்றத்தில் மூச்சு வேகமானால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், விரல் நுனி மரக்கும், தலை லேசாகும். 'எனக்கு என்னமோ ஆகுது' என்று பயந்து இன்னும் வேகமாக மூச்சு விட்டால் இன்னும் மோசமாகும். இதற்கு எளிய வழி செக்லிஸ்டை வாய்விட்டுச் சொல்வது. பேசும்போது மூச்சு தானாக நிதானப்படும். முந்தின நாள் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முழு சர்க்யூட்டையும் கை அசைவோடு சொல்லிப் பார்.

மாத்திரை மட்டும் வேண்டாம். படபடப்புக்கு என்று நண்பன் கொடுத்ததை விழுங்கிவிட்டு வந்த ஒருவனை, செக்லிஸ்டில் ஒரே வரியை இரண்டு தடவை படித்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அன்று அவனோடு நானும் பறக்கவில்லை. சளிக்குப் போடுகிற செட்டிரிசின், அவில் கூடத் தூக்கத்தைக் கொண்டுவரும். தூங்கவில்லை, உடம்பு சரியில்லை, வீட்டில் பிரச்சினை, எதுவானாலும் "இன்னைக்கு வேண்டாம் சார்" என்று சொன்னால் எந்த நல்ல பயிற்றுநரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: தேதி கேட்காதீர்கள். முடிந்ததும் உங்களுக்குத்தான் முதல் போன் வரும்.

போன வருடம் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தியை அனுப்பிவிட்டு டவரில் நின்றுகொண்டிருந்தேன். முதல் தடவை இறங்க வந்தபோது உயரம் அதிகம். தானாகவே முழு பவர் கொடுத்து மேலே போனாள். இரண்டாவது முறை சக்கரம் தரையைத் தொடும் முன் விமானம் எழும்பியது, உடனே மறுபடியும் பவர் கொடுக்கும் த்ராட்டிலைத் தள்ளி, இறங்குவதற்காக இறக்கையில் கீழே இறக்கிய ஃபிளாப்பைப் படிப்படியாக ஏற்றி, "கோயிங் அரவுண்ட்" (இறங்காமல் மறுபடி மேலே போகிறேன்) என்றாள், குரலில் லேசான நடுக்கத்தோடு. பக்கத்திலிருந்த அதிகாரி மைக்கை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று கை காட்டினேன். செய்தது அத்தனையும் சரி, அந்த நேரத்தில் என் குரல் கேட்டால் என்னவோ தப்பு நடந்துவிட்டதென்று நினைப்பாள். மூன்றாவது முறை, நடுக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கம், மெதுவாக இறங்கினாள்.

கீழே வந்ததும், வழக்கப்படி அவள் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிக் கொண்டாடினார்கள். ஈரக் கையோடு, பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கை நீட்டி, "ரெண்டு கோ-அரவுண்டையும் எழுதணுமா சார்?" என்று தயங்கினாள். எழுதச் சொன்னேன். ஒரு சர்க்யூட் போய் இறங்க எட்டு நிமிடம் போதும். 'பைலட் இன் கமாண்ட்' (விமானத்துக்குப் பொறுப்பான பைலட்) என்ற பத்தியில் அவளுடைய முதல் கணக்கு 24 நிமிடம். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.