பெரிய ஓவியத்துக்குக் கிட்டப் போங்கள்

ஓவியக் கூடங்களில் பார்வையாளர்களைக் கூட்டிப்போய் விளக்கம் சொல்வது என் தொழில். அமெரிக்க அரூப எக்ஸ்பிரஷனிஸ்டுகளின் (உருவம் வரையாமல் நிறத்தையும் கோட்டையும் கொண்டே உணர்வைச் சொன்ன ஓவியர்கள்) படங்கள் இருக்கும் அறைக்குள் நுழைந்ததும் பெரும்பாலானோர் செய்யும் முதல் காரியம், பின்னால் நகர்வது. இவ்வளவு பெரிய படம் முழுதாகத் தெரிய வேண்டாமா? எதிர்ச்சுவர் வரை போய், போனைத் தூக்கி, நாலு மூலையும் திரைக்குள் அடங்குகிறதா என்று பார்த்து, ஒரு கிளிக். அப்புறம் அடுத்த அறை. 'இதில் என்னதான் இருக்கிறது?' என்ற கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது. அந்தத் தூரத்தில் நின்றால் உண்மையிலேயே அதிகம் ஒன்றும் இல்லை.

வரைந்தவர்களுக்கே இது தெரிந்திருந்தது. 1951-இல் நியூயார்க்கின் பெட்டி பார்சன்ஸ் கேலரியில் பார்னெட் நியூமன் கண்காட்சி வைத்தபோது, 'பெரிய படங்களை எட்ட நின்று பார்ப்பதுதான் வழக்கம். இவை கிட்ட நின்று பார்ப்பதற்கானவை' என்ற பொருளில் ஓர் அறிவிப்பை எழுதி ஒட்டினார். அதில் இருந்த 'விர் ஹீரோயிகஸ் சப்ளைமிஸ்' என்ற படம் 2.4 மீட்டர் உயரம், 5.4 மீட்டர் அகலம். சிவப்புப் பரப்பு, மேலிருந்து கீழாக ஐந்து ஒல்லிக் கோடுகள், அவ்வளவுதான். கிட்டப் போனால் இரண்டு ஓரமும் பார்வையிலிருந்து நழுவிவிடும். சிவப்பைப் பார்ப்பது போய், சிவப்புக்குள் நிற்பதாக ஆகிவிடும்.

மார்க் ராத்கோவும் அதே ஆண்டில் இதைச் சொன்னார். பிரமிக்க வைப்பதற்காகப் பெரிதாக வரையவில்லை, நெருக்கத்துக்காகத்தான் வரைகிறேன் என்றார். சின்னப் படம் வரையும்போது நாம் அதற்கு வெளியே இருக்கிறோம், பெரிய படத்தில் உள்ளே இருக்கிறோம் என்பது அவர் கட்சி. இன்றைக்கு எந்த அருங்காட்சியகமும் மூக்கு உரசும் அளவுக்கு விடாது, அது நியாயமும்கூட. தரையில் ஒரு கோடோ கயிறோ இருக்கும். அந்தக் கோடு வரை போய் நில்லுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

நின்றால் மட்டும் போதாது, சில நிமிடங்கள் அங்கேயே இருக்க வேண்டும். கண் அசையாமல் ஒரே இடத்தில் நிலைத்தால், ஓரப் பார்வையில் இருக்கும் மங்கலான விளிம்புகள் கரைய ஆரம்பிக்கும். சுவிஸ் மருத்துவர் டிராக்ஸ்லர் 1804-லேயே பதிவு செய்த விஷயம் இது. ராத்கோ வரைந்த அகன்ற வண்ணப் பட்டைகளுக்குக் கூரான விளிம்பு கிடையாது என்பதால் இது அங்கே நன்றாகவே நடக்கும். பட்டை மிதக்கிறது, மூச்சு விடுகிறது என்றெல்லாம் பார்ப்பவர்கள் சொல்வது கற்பனையோ பாவனையோ அல்ல. நியூயார்க்கின் சீக்ராம் கட்டடத்து உணவகத்துக்காக ராத்கோ வரைந்தவற்றில், லண்டன் டேட் அருங்காட்சியகத்திடம் இருக்கும் ஒன்பது சுவரோவியங்களைப் பொதுவாக மங்கிய வெளிச்சத்தில்தான் வைப்பார்கள். வெயிலிலிருந்து நேரே நுழைபவருக்கு எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். கண் பழகப் பழகத்தான் கறுப்புக்குள் கருஞ்சிவப்பு பிரியும். பாதிப் பேர் அதற்குள் கிளம்பிவிடுகிறார்கள்! சிலருக்குத் தலை லேசாகச் சுற்றுவதுண்டு. பயப்பட வேண்டாம், பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தரையைப் பாருங்கள்.

கிட்ட நிற்பதில் இன்னொரு லாபம், கை வேலை தெரியும். ராத்கோவின் சில படங்களில் தண்ணீராகக் கரைத்த வண்ணம் வழிந்த தடங்கள் கீழிருந்து மேலே போகும். வரையும்போதே கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார் என்று அர்த்தம். சீக்ராம் படங்களில் பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து பாருங்கள். ஒரே நிறம் என்று நினைத்த இடத்தில் ஒரு பகுதி பளபளக்கும், பக்கத்துப் பகுதி ஒளியை விழுங்கிவிடும். முட்டை, பிசின் என்று பலதையும் வண்ணத்தில் கலந்ததன் விளைவு. போனில் எடுத்த படத்தில் இது வராது. ஜாக்சன் பொல்லாக் படமென்றால் நிற்கவே வேண்டாம், நடங்கள். கேன்வாஸைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி வந்து வண்ணம் சொட்டியவர் அவர். அங்கே நடுப்பகுதி என்று ஒன்று இல்லை.

வெளிச்சம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சொல்ல வேண்டும். 1964-இல் அங்கே ஒரு சாப்பாட்டு அறையில் ராத்கோவின் சுவரோவியங்களை மாட்டினார்கள். பெரிய ஜன்னல்கள், நல்ல வெயில். அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு என்ற நிறமி வெயில் தாங்காது. சிவப்பு வெளுத்து, 1979-இல் எல்லாவற்றையும் கழற்றிக் கிடங்கில் வைத்தார்கள். 2014-இல் மறுபடி காட்டியபோது படத்தின் மேல் தூரிகை படவே இல்லை. எந்த இடத்தில் எந்த நிறம் குறைகிறதோ அதை மட்டும் புரொஜெக்டர் ஒளியாகப் பாய்ச்சினார்கள். புரொஜெக்டரை அணைத்ததும் பார்வையாளர்கள் கண்ணெதிரே அந்தச் சிவப்பு வடிந்துபோனது. பழுதுபார்ப்பில் இவ்வளவு நேர்மையான வழியை நான் கேள்விப்பட்டதில்லை.

என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: 'எனக்கு ஒன்றுமே தோன்றவில்லையே, என்னிடம் ஏதாவது குறையா?' தன் படங்களின் முன் சிலர் அழுவதாக ராத்கோ பெருமையாகச் சொன்னாலும் சொன்னார், அழுகை வராதவர்களுக்கெல்லாம் தாழ்வு மனப்பான்மை. அழுகை வந்தால் வரட்டும். வராவிட்டால், சலிப்பாக இருந்தது என்று தாராளமாகச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் விளக்க அட்டையை மட்டும் கடைசியில் படியுங்கள். முதலிலேயே படித்தால் அதில் எழுதியிருப்பதைத்தான் கண் தேடும்.

கடைசியாக, தொடுவது பற்றி. ராத்கோவின் படங்களில் வண்ணத்துக்கு மேலே பெரும்பாலும் வார்னிஷ் கிடையாது. விரல் பட்டால் நேரே வண்ணத்தில்தான் படும். 2012-இல் டேட்டில் ஒருவர் மையால் கிறுக்கிய படத்தைச் சரிசெய்ய ஒன்றரை ஆண்டு ஆனது. 2025-இல் ராட்டர்டாமில் ஒரு குழந்தையின் கை பட்டதிலேயே கீறல் விழுந்தது. குழந்தைகளை அழைத்து வாருங்கள், பெரியவர்களைவிட நன்றாகப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். கிட்ட நின்று பார்த்துவிட்டுத் திரும்பும்போது பைதான் இடிக்கிறது, இடித்தவருக்கு அது தெரிவதுகூட இல்லை.