சிகரெட் பிடித்தவர்கள் கட்டிய ஸ்டேடியம்

கனடாவின் மான்ட்ரியால் நகரில் 1976-ல் ஒலிம்பிக் நடந்தது இரண்டே வாரம். அதற்கு வாங்கிய கடன் அடைந்தது 2006 நவம்பரில். முப்பது வருஷம்! கியூபெக் மாகாண அரசு இதற்காகவே சிகரெட் மீது தனி வரி போட்டது. அந்த ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை நதியா கோமனேச்சி பத்துக்குப் பத்து வாங்கியபோது பிறந்தே இராதவர்களும் பாக்கெட்டுக்குப் பாக்கெட் காசு கொடுத்தார்கள்.

முதலில் போட்ட கணக்கு சுமார் 12 கோடி கனடா டாலர். கடைசியில் நின்ற கடன் சுமார் 150 கோடி. ஒலிம்பிக்கில் நஷ்டம் வருவதும் ஆண்பிள்ளை பிள்ளை பெறுவதும் ஒன்றுதான் என்று மேயர் ழான் டிராப்போ அடித்துச் சொல்லியிருந்தார்.

எங்கே இடித்தது? கல்யாணத் தேதி குறித்துப் பத்திரிகையும் அடித்த பிறகு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடிப் பாருங்கள், புரியும். அவர் சொல்வதுதான் கூலி. ஒலிம்பிக்கும் அப்படித்தான். பாலம் ஒரு வருஷம் தள்ளிப்போகலாம், தொடக்க விழா தள்ளிப்போகாது. மான்ட்ரியாலில் நடுவே வேலைநிறுத்தம் வேறு. இழந்த மாதங்களை ஓவர்டைம் கொடுத்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படியும் ஸ்டேடியத்தின் சாய்ந்த கோபுரம் போட்டியின்போது அரைகுறையாகவே நின்றது. அதை முடித்துக் கூரை போட்டது 1987-ல். அந்தக் கூரை கிழிந்தது. 1998-ல் வேறு கூரை போட்டார்கள். அடுத்த ஜனவரியிலேயே பனியின் பாரம் தாங்காமல் அதுவும் கிழிந்தது. 2024-ல் இன்னொரு கூரைக்கு 87 கோடி டாலர் அறிவித்திருக்கிறார்கள். வட்ட வடிவ ஸ்டேடியத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'பிக் ஓ'. அதே ஓசையுள்ள 'owe' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கடன்பட்டிருத்தல் என்று பொருள். இத்தனைக்கும் அந்த ஒலிம்பிக்கில் கனடாவுக்கு ஒரு தங்கம்கூடக் கிடைக்கவில்லை.

தேதி மட்டும் காரணமில்லை. போட்டியை நடத்தும் நகரம், எவ்வளவு செலவு கூடினாலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போடுகிறது. தொகை எழுதாத செக் அது. சிமெண்ட் விலை ஏறினால் யாருக்கு வலிக்கும்? டிவி உரிமையை விற்கும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு வலிக்காது.

மான்ட்ரியாலைப் பார்த்து மற்ற நகரங்கள் மிரண்டன. 1984 போட்டிக்குக் கடைசிவரை நின்றது லாஸ் ஏஞ்சல்ஸ் மட்டும்தான். நகரத்தின் வரிப்பணத்தைத் தொடக் கூடாது என்று அங்கே மக்கள் 1978-ல் வாக்களித்தார்கள். வேறு ஆளில்லாததால் கமிட்டியும் இறங்கிவந்து, நகரத்திடம் அந்தக் கையெழுத்தை வற்புறுத்தவில்லை. 1923-ல் திறந்த பழைய ஸ்டேடியத்திலேயே போட்டி நடந்தது. மிச்சம் 20 கோடி டாலருக்கு மேல். ஏலத்தில் ஒரே ஆளாக நிற்பதன் சுகம் அது!

சரி, சுற்றுலா வருமானம்? புதிதாக வருகிறவர்களை எண்ணுகிறார்கள். கூட்டத்துக்கும் ஹோட்டல் வாடகைக்கும் பயந்து வராமல் போனவர்களை யாரும் எண்ணுவதில்லை. 2012 ஒலிம்பிக் நடந்த ஜூலை, ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவர் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 6 சதவீதம் குறைவு.

ஓடுகிறவருக்கு என்ன கிடைக்கிறது? ஒலிம்பிக் கமிட்டி பரிசுப்பணம் என்று ஒரு காசும் தருவதில்லை. வருமானத்தில் பெரும்பகுதியை விளையாட்டு அமைப்புகளுக்கே பிரித்துக் கொடுப்பதாகச் சொல்கிறது. வீரர் கைக்குப் பணம் வந்தால் அது அவருடைய அரசோ ஸ்பான்சரோ தருவதுதான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற சேலத்து மாரியப்பனுக்கு 2 கோடி ரூபாய் அறிவித்தது தமிழக அரசு. தடகளத்துக்கு மட்டும் 2024 பாரிஸில் கொஞ்சம் மாறியது. ஒவ்வொரு தடகளத் தங்கத்துக்கும் உலகத் தடகள அமைப்பு 50,000 டாலர் தந்தது. அரசோ ஸ்பான்சரோ பணம் தராத ஊரிலிருந்து வந்தவருக்கு அது பெரிய தொகைதான்.

2028-ல் மறுபடி லாஸ் ஏஞ்சல்ஸ். இந்த முறையும் பெரிய புது ஸ்டேடியம் எதுவும் கட்டவில்லை. ஆனால் நஷ்டம் வந்தால் முதல் 27 கோடி டாலர் நகரத்தின் பொறுப்பு, அடுத்த 27 கோடி கலிபோர்னியா மாநிலத்தின் பொறுப்பு. அதற்கு மேல் போனால் மறுபடி நகரம்தான். 1978-ல் போட மறுத்த கையெழுத்தை இப்போது போட்டுவிட்டார்கள்.