இ20 பெட்ரோல்: பங்கில் ஊற்றுவது என்ன, கணக்கு எப்படி?

இப்போது பங்கில் சாதாரண பெட்ரோல் கேட்டால் ஊற்றுவது பெரும்பாலும் இ20தான். அதாவது 80 சதவீதம் பெட்ரோல், 20 சதவீதம் எத்தனால் (கரும்பு, தானியம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால்). வேண்டாம் என்று ஒதுக்க அதிக வழியில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்கப்பட வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது.

நாம் எரிக்கும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அந்த டாலர் செலவைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. 2003இல் 5 சதவீதக் கலப்பு என்று தொடங்கினார்கள். எத்தனால் போதாமல் 2014 வரைக்கும் 1.5 சதவீதத்தைத்தான் எட்ட முடிந்தது. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸை மட்டும் நம்பியிருந்தது முக்கியக் காரணம். 2018இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, கரும்புச்சாறு, உடைந்த அரிசி, கெட்டுப்போன தானியம் எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்தது. எத்தனாலுக்கான ஜிஎஸ்டியும் 18இலிருந்து 5 சதவீதமானது. 2030க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025இலேயே தொட்டாயிற்று.

சரி, விலை ஏன் குறையவில்லை? அரசு விலை நிர்ணயிக்க, எண்ணெய் நிறுவனங்கள் ஆலைகளிடம் எத்தனால் வாங்குகின்றன. 2024-25 கொள்முதல் ஆண்டில் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டர் 71 ரூபாய் 86 காசு. வரி சேர்க்காத பெட்ரோலைவிட எத்தனால்தான் விலை கூடுதல் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. கரும்பு விவசாயி இந்தத் திட்டத்துக்காக எங்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, மானியமும் அவர் கைக்கு வராது. எத்தனால் தயாரிக்க வாங்கும் கடனுக்கான வட்டிச் சலுகை ஆலைகளுக்குத்தான். ஆலையிடம் பணம் புழங்கினால் கரும்பு நிலுவை சீக்கிரம் வரும் என்பதுதான் அவருக்கான பலன்.

2023 டிசம்பரில் சர்க்கரை உற்பத்தி குறையும் என்று பயந்து கரும்புச்சாற்றில் எத்தனால் எடுக்கக் கட்டுப்பாடு போட்டார்கள். 2024 ஆகஸ்டில்தான் நீக்கினார்கள். அந்த இடைவெளியை மக்காச்சோளம் நிரப்பியது. தீவன விலை ஏறியதால் கோழிப்பண்ணைக்காரர்கள் புலம்பினார்கள். நாமக்கல்லுக்கு இது சின்ன விஷயமில்லை. அதுவரை மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு, 2024இல் அதை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போய் இப்படி ஆனதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் வண்டி. எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் இறங்கத்தான் செய்யும். நிதி ஆயோக் 2021 அறிக்கைப்படி, கலப்பில்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து இ10க்கு (10 சதவீத எத்தனால் கலப்பு) சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும் குறையலாம். அதே அறிக்கை, கலப்பு எரிபொருளுக்கு வரிச் சலுகை தரவும் பரிந்துரைத்தது. பங்கில் பணம் கட்டும் நமக்கு அப்படி எதுவும் வரவில்லை. என் பார்வையில் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

2023 ஏப்ரலிலிருந்து தயாரான வண்டிகளின் பாகங்கள் இ20ஐத் தாங்கும். அதற்கு முந்தையது என்றால் கையேட்டையும், டாங்க் மூடியருகே உள்ள ஸ்டிக்கரையும் பாருங்கள். இ5, இ10 என்று மட்டும் இருந்தால், ரப்பர் ஓஸ், கேஸ்கெட்டை மாற்ற வேண்டுமா என்று நிறுவன சர்வீஸ் சென்டரில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் பழைய பெட்ரோலை அப்படியே விடாதீர்கள். இ20 போட்டால் இன்சூரன்ஸ் செல்லாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய். அமைச்சகம் 2025 ஆகஸ்டில் மறுத்திருக்கிறது.