ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகை: கையெழுத்திடும் முன் படிக்க வேண்டியவை

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்லூரிச் செலவு குறித்து ஆலோசனை கூறுவது என் தொழில். கல்லூரியில் படிக்கும்போதே மாணவருக்குப் படை அதிகாரியாகப் பயிற்சி தரும் அமெரிக்கப் படைத்துறையின் திட்டம்தான் ஆர்.ஓ.டி.சி.; அதில் உதவித்தொகை பெறுபவர் பட்டத்துக்குப் பின் படையில் பணியாற்ற ஒப்பந்தம் செய்கிறார். "படைப்பயிற்சி பிடிக்கவில்லையாம், வாங்கிய பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்துவிடலாம்தானே?" என்று, பிள்ளை மூன்றாம் ஆண்டில் கால் வைத்த பிறகு என்னிடம் வரும் பெற்றோரின் எண்ணிக்கை குறைவதாகத் தெரியவில்லை. அண்மையில் வந்த தந்தை ஒருவர், மகன் ஒப்பமிட்ட ஒப்பந்தத்தை என் மேசையில்தான் முதன்முறையாகப் புரட்டிப் பார்த்தார்.

1916ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இத்திட்டம் நல்ல திட்டமே. தரைப்படை உதவித்தொகை பெறும் மாணவருக்குக் கல்விக் கட்டணம் முழுவதுமோ அல்லது விடுதி, உணவுச் செலவோ கிடைக்கும். அத்துடன் புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1,200 டாலரும், கல்லூரி நடக்கும் மாதங்களில் மாதம் 420 டாலரும் உண்டு. இதுவரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

தெரியாதது அடுத்த பகுதி. இது வங்கிக் கடன் அன்று. வங்கிக் கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டு விடுபடலாம். இங்கே அந்தத் தெரிவு மாணவரின் கையில் இல்லை. நான்காண்டு உதவித்தொகை பெற்றவர் முதலாண்டு முடிவில் எந்தக் கடப்பாடும் இன்றி விலகலாம். இரண்டாம் ஆண்டு வகுப்பு தொடங்கும் நாளில் அந்தக் கதவு மூடிவிடும். மூன்றாண்டு உதவித்தொகை என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்றே மூடிவிடும். அதன்பின் விலகினால், செலவிட்ட தொகையை வட்டியுடன் திரும்பக் கேட்பதா, அல்லது அதிகாரியாக அன்றிச் சாதாரண சிப்பாயாகப் பணிக்கு அழைப்பதா என்று முடிவுசெய்வது படைத்துறை. பணமாகவே கேட்டாலும், ஆண்டுக்கு 60,000 டாலர் வாங்கும் தனியார் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளுக்கு அசல் மட்டும் 1,20,000 டாலர். பட்டம் பெற்று அதிகாரியானாலும் மொத்தக் கடப்பாடு எட்டு ஆண்டுகள். தரைப்படையில் பொதுவாக நான்காண்டு முழுநேரப் பணி, மீதி, தேவைப்பட்டால் அழைக்கப்படும் சேமப்படையில். கடற்படையில் முழுநேரப் பணியே ஐந்தாண்டு. "முதலில் எம்.எஸ். முடிக்கட்டும், பிறகு போகட்டும்" என்பதற்குப் படைத்துறையின் அனுமதி வேண்டும், அது கேட்டவருக்கெல்லாம் கிடைப்பதில்லை.

குடியுரிமையையும் முதலிலேயே பாருங்கள். கிரீன் கார்டு போதாது. நியூ ஜெர்சியில் பிறந்த தங்கைக்குத் தகுதி இருக்கும், சென்னையில் பிறந்து இன்னும் குடியுரிமை பெறாத அண்ணனுக்கு இருக்காது. பின்னணி விசாரணைப் படிவத்தில் வெளிநாட்டில் உள்ள நெருங்கிய உறவினரையும், பிள்ளை பெயரில் ஊரில் நிலமோ வைப்புத்தொகையோ இருந்தால் அதையும் எழுத வேண்டும்; தாத்தா பேரன் பெயரில் பத்திரம் பதிந்திருப்பது பல வீடுகளில் அப்போதுதான் வெளிவருகிறது.

மருத்துவப் பரிசோதனையில் எதையும் மறைக்காதீர்கள். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்தது பதிவாகியிருந்தால் அது தகுதியிழப்புக்குரிய காரணம். விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு. மறைத்துப் பின்னர் பிடிபட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். மருத்துவத் தகுதி உறுதியாகும்வரை கையில் இருப்பது நிபந்தனைக்குட்பட்ட கடிதம் மட்டுமே என்பதால், மற்றக் கல்லூரிகளின் நிதியுதவியை அவசரப்பட்டு மறுத்துவிடாதீர்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கட்டணத்தைப் பற்றிப் பேசாமல், படை அதிகாரியாக நான்கைந்து ஆண்டுகள் வாழ விருப்பமா என்று மட்டும் பிள்ளையிடம் கேளுங்கள். தயங்கினால், மூன்றாண்டு உதவித்தொகைக்குக் கையெழுத்திட வேண்டாம்; நான்காண்டு உதவித்தொகை பெற்றிருந்தால், இரண்டாம் ஆண்டு வகுப்பு தொடங்குவதற்குள் விலகல் கடிதத்தைக் கல்லூரியின் ஆர்.ஓ.டி.சி. அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுத்து, ஒரு நகலைப் பெற்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.