கெண்டைக்கால் தசைக்குள் கன்று எப்படிப் புகுந்தது?

தமிழில் வரும் உடல்நலக் கட்டுரைகளில் கொஞ்ச காலமாக ஒரு கன்று திரிந்துகொண்டிருக்கிறது. 'கன்று தசை வலிக்கு எளிய பயிற்சிகள்', 'கன்று வீக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள்' என்றெல்லாம் தலைப்பு வைக்கிறார்கள். தலைப்பை மட்டும் பார்த்தால் கால்நடை மருத்துவம் என்று தாண்டிப் போய்விடுவோம். உள்ளே போனால் மனிதக் கால்.

நடந்தது இவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் திரண்டிருக்கும் சதைக்கு ஆங்கிலத்தில் 'காஃப்' என்று பெயர், மாட்டுக்கன்றுக்கும் அதே எழுத்து, அதே உச்சரிப்பு. மாட்டுக்கன்றைக் குறிப்பது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல், காலைக் குறிப்பது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்து சேர்ந்தது. மொழிபெயர்க்கும் இயந்திரம் இரண்டில் ஒன்றை எடுத்துப் போட்டது, அதைப் படித்துப் பார்க்காமல் வெளியிட்டவர்கள் அப்படியே விட்டார்கள். இயந்திரத்தைக்கூட மன்னிக்கலாம்.

இதற்குத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? கெண்டைக்கால். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனிலேயே இருக்கிறது. வீட்டில் பாட்டி சொல்வதும் இதுதான். நடுவில் பருத்து இரண்டு முனையும் ஒடுங்கிய கெண்டை மீன் போல இருப்பதால் வந்த பெயர் என்பார்கள், குதிகாலை உயர்த்தி நின்று கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தால் மறுக்கத் தோன்றாது. புலவர்கள் கெண்டையைக் கொண்டுபோய்ப் பெண்களின் கண்ணில் வைத்தார்கள், ஊர் மக்கள் காலில் வைத்தார்கள். (ஏரி, குளத்துக் கெண்டையைத்தான் சொல்கிறேன், காசிமேட்டில் போய்த் தேட வேண்டாம்.)

இதற்கே 'ஆடுசதை' என்றும் ஒரு பெயர் உண்டு. அந்த ஆடு ஆட்டுக்கால் பாயாவுக்கு வரும் ஆடு இல்லை. ஆடுகிற சதை, நடக்கும்போது குலுங்குகிற சதை. கன்றுக்குப் பதில் ஆட்டைக் கொண்டுவந்து விட்டேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கணைக்கால் வேறு, கணுக்கால் வேறு. முழங்காலிலிருந்து கணு வரை உள்ள பகுதி கணைக்கால், புறநானூற்றின் 74ஆம் பாட்டைப் பாடிய சேரமான் கணைக்கால் இரும்பொறை பெயரில் இருப்பது அது. கொலுசு கிடக்கும் இடம் கணுக்கால். இப்போது பலரும் இரண்டையும் மாற்றிப் போட்டு எழுதுகிறார்கள், எலும்பு முறிவு பற்றிய கட்டுரையில் இப்படி எழுதினால் முறிந்த இடமே மாறிப் போகும்.

சரி, தசையா சதையா? இரண்டும் ஒன்றுதான். பேச்சில் எழுத்துகள் இடம் மாறி தசை சதையானது, இலக்கண நூல்கள் எழுத்து நிலைமாற்றத்துக்குக் காட்டும் உதாரணமே இதுதான், சிவிறி விசிறியானதும் இதே வழியில். ஆனால் புழக்கத்தில் ஒரு சின்ன வேறுபாடு வந்துவிட்டது. மருத்துவத்தில் இயங்கும் உறுப்பைத் தசை என்கிறோம், 'சதை போட்டுட்டே' என்று சொல்லும்போது அது பெரும்பாலும் கொழுப்பு. இந்த வேறுபாட்டை வைத்துக்கொள்வது நல்லது. சோதிடர் சொல்லும் சனி தசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது வடமொழி.

ஆங்கில 'மசில்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் லத்தீனில் 'மஸ்குலஸ்', சுண்டெலி என்று பொருள். தோலுக்கடியில் தசை ஓடி அசைவது அவர்களுக்கு எலி ஓடுவது போல இருந்திருக்கிறது. கிரேக்கத்திலும் 'மிஸ்' என்பது எலிக்கும் தசைக்கும் பொது. மருந்துச் சீட்டில் 'மயால்ஜியா' என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், வெறும் தசைவலிதான். 'மயோ' என்று தொடங்கும் பெயர்களில் பெரும்பாலானவற்றில் அந்த எலி உட்கார்ந்திருக்கும்.

இப்போது கெண்டைக்காலுக்குள் போவோம். மேலே தெரிகிற பெரிய தசைக்கு மருத்துவப் பெயர் காஸ்ட்ரோக்னீமியஸ். பல்லை உடைக்கும் பெயர்தான், ஆனால் பிரித்தால் எளிது. கிரேக்கத்தில் 'காஸ்டர்' வயிறு, 'க்னீமி' கணைக்கால், சேர்த்தால் 'காலின் வயிறு'. தொடை எலும்பின் அடிமுனையில், உள்பக்கமும் வெளிப்பக்கமுமாக இரண்டு தலைகளோடு தொடங்கி, முழங்கால் மூட்டையும் கணுக்கால் மூட்டையும் தாண்டிக் குதிகாலில் போய் முடிகிறது. அதற்கு அடியில் தட்டையாகப் படுத்திருப்பது சோலியஸ். லத்தீன் 'சோலியா' என்றால் செருப்பு, தட்டையான ஒரு மீனுக்கும் அவர்கள் அதே பெயரை வைத்திருந்தார்கள், ஆக அவர்கள் காலிலும் ஒரு மீன் இருக்கிறது. முதலாவதற்கு 'மேல் கெண்டைத் தசை', இரண்டாவதற்கு 'அடிக் கெண்டைத் தசை' என்று சொன்னால் போதும் என்பது என் கருத்து. 'காலின் வயிறு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கப் போனால் திரும்பவும் கன்றுக்குட்டி கதைதான்.

இரண்டும் சேர்ந்து குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்தில் கயிறு மாதிரி கெட்டியாக ஒன்று கைக்குத் தட்டுப்படும். இதைச் சென்னையில் யாரைக் கேட்டாலும் 'நரம்பு' என்பார்கள். குதிகால் நரம்பு இழுக்குது, நரம்பு பிசகிடுச்சு, நரம்பு சுருட்டிக்கிச்சு. தமிழில் நரம்பு என்பது யாழின் தந்தி தொடங்கி உடம்பில் கயிறு போல் இருக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்த சொல், அதனால் மக்கள் பேச்சில் தப்பில்லை. ஆனால் மருத்துவம் எழுதும்போது பிரித்தே ஆக வேண்டும். மூளைக்குச் செய்தி கொண்டுபோவது நரம்பு. இதயத்துக்கு ரத்தம் திரும்புவது சிரை வழியாக, 'நரம்பு சுருட்டல்' என்று நாம் சொல்லும் நோயில் சுருண்டு புடைப்பது அந்தச் சிரைதான், நரம்பு இல்லை. தசையை எலும்போடு கட்டுவது தசைநாண், அதாவது டெண்டன். எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட்டுக்கு இணைப்புநார் என்ற சொல் பொருந்தும். 'தசைநார்' என்பதை இவை இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள், போதாததற்குத் தசை இழைக்கும் அதே சொல். படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்?

தமிழர்கள் மட்டும்தான் இப்படிக் குழம்புகிறோம் என்றும் இல்லை. கெண்டைக்காலில் ப்ளான்டாரிஸ் என்று மெலிந்த தசை ஒன்று உண்டு, சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, அதன் நாண் நீளமாக நூல் போல ஓடும். உடற்கூறு வகுப்பில் அதை நரம்பு என்று நினைத்து ஏமாறும் மாணவர்கள் அவ்வளவு பேர், ஆங்கிலத்தில் அதற்கு 'முதலாண்டு மாணவனின் நரம்பு' என்றே பட்டப்பெயர் இருக்கிறது.

குதிகால் நாணுக்குக் கிரேக்கக் கதைகளில் வரும் வீரன் அக்கிலீஸின் பெயரை வைத்தவர் பிலிப் வெர்ஹெய்ன் என்ற பிளெமிஷ் உடற்கூறு அறிஞர், 1693இல். அவர் எழுதிய லத்தீன் சொல்லும் 'கோர்டா', நரம்புத் தந்தி, நாண். கிரேக்க வீரன் நமக்கு வேண்டாம், குதிகால் நாண் என்றாலே இடம் விளங்கிவிடும். அது அறுந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கும் விதம் எளிமையானது: குப்புறப் படுக்க வைத்து, பாதத்தைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே விடச் சொல்லி, கெண்டைக்காலைக் கையால் பிடித்து அமுக்குவார். நாண் முழுதாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அசையவில்லை என்றால் அறுந்திருக்கலாம்.

அப்புறம் குரக்களி. நடு ராத்திரியில் கெண்டைக்கால் கல்லாக இறுகி ஆளை எழுப்பி உட்கார வைக்குமே, அது. அகராதியில் குரக்குவலி என்று இருப்பதுதான் வாயில் குரக்களி ஆகியிருக்க வேண்டும். குரங்குதல் என்றால் பழந்தமிழில் வளைதல், இழுத்து மடக்கும் வலிக்கு அது பொருத்தமாகவே படுகிறது. 'தசைப்பிடிப்பு' என்று எழுதுவதும் தப்பில்லை, ஆனால் இவ்வளவு நல்ல சொல்லை ஏன் விட வேண்டும்? வந்தால் முழங்காலை நீட்டி, பாத நுனியை உங்கள் பக்கம் இழுங்கள். காலை மடக்கி வைத்துக்கொண்டு இழுத்தால் அடித் தசைதான் நீளும், மேல் தசை முழங்காலையும் தாண்டிப் போவதால் முழங்கால் நேராக இருந்தால்தான் அது நன்றாக நீளும்.

கெண்டைத் தசைகளுக்கு நடையைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. அவை சுருங்கும்போது உள்ளே ஓடும் சிரைகளை அமுக்கி ரத்தத்தை மேலே தள்ளுகின்றன, அதனால் இவற்றை இரண்டாவது இதயம் என்று சொல்வார்கள். நடந்தால் இந்த இதயம் வேலை செய்யும். ஒரே இடத்தில் நின்றால் அவ்வளவாகச் செய்யாது, ரத்தம் காலில் தேங்கும், சாயங்காலம் செருப்பு இறுக்கும். தி.நகர் ஜவுளிக் கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே புடவை எடுத்துப் போடுபவர்களைப் பார்த்தால் தெரியும், கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்ததற்குப் பின்னால் இந்தக் கால்கள்தான் இருக்கின்றன.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அதை 'நரம்பு இழுத்திருக்கும்' என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுக்காதீர்கள். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகோ அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் கிடந்த பிறகோ வந்தால் இன்னும் அவசரம். அங்கே போய்க் கெண்டைக்கால் என்றே சொல்லலாம், புரியும்.