மேக்கப், ஒப்பனை, வெளிக்கிடுதல்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக நடந்தால் அழகு நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் ஒரே தொழிலுக்குப் பல பெயர்கள் தென்படும். ஒன்றில் 'மணப்பெண் அலங்காரம்', இன்னொன்றில் 'பிரைடல் டிரெஸ்ஸிங்', அபூர்வமாக 'ஒப்பனை'. உள்ளே போனால் எல்லார் வாயிலும் 'மேக்கப்' ஒன்றுதான்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முதலில் முகத்தோடு சம்பந்தமே இல்லை. ஒரு பொருள் எவையெவை சேர்ந்து ஆனது என்பதைத்தான் அது குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் நாடகக்காரர்கள் வேடத்துக்காக முகத்தைத் தயார் செய்வதற்கு அதை எடுத்துக்கொண்டார்கள். பிறகு சினிமா வந்தது. போலந்தில் பிறந்து 1904இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மக்ஸ் ஃபக்டர், நடிகைகளுக்குப் பூசியதையே சாதாரணப் பெண்களுக்கும் விற்றார். டப்பாவோடு சேர்ந்து அந்த மேடைச் சொல்லும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

நம்மிடமும் அதற்கு நேரான மேடைச் சொல் உண்டு: அரிதாரம். வடமொழி 'ஹரிதால'த்தில் இருந்து வந்தது. ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர் அது. கூத்தர்கள் முகத்தில் பூசியதால் கனிமத்தின் பெயர் பூச்சுக்கு ஆகி, இன்று 'அரிதாரம் பூசினார்' என்றால் நடிக்க வந்தார் என்று அர்த்தம். கொஞ்சம் குத்தலாகச் சொன்னால், பொய் முகம் காட்டுகிறார் என்றும் அர்த்தம். மேக்கப் போட்ட பெண்ணைப் பார்த்து "சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி" என்று பகிடி பண்ணும் ஆண்களின் சந்தேகம் அப்படியே இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. (நஞ்சு பூசும் வழக்கமும் ஒழிந்தபாடில்லை. வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பகிடி பண்ணும் அதே ஆள் பெண் பார்க்கப் போகும்போது "நிறம் எப்படி?" என்று கேட்காமல் இருந்தால், அந்தக் கிறீமுக்குப் பாதிச் சந்தை போய்விடும்.)

ஒப்பனை என்பது நல்ல தமிழ்ச் சொல். வேர் 'ஒப்பு': ஒத்திருத்தல், பொருந்துதல், இசைதல். ஒப்பித்தல் என்றால் இன்று பாடத்தை மனப்பாடமாகச் சொல்வது, பழைய வழக்கில் அலங்கரிப்பது. ஆகவே ஒப்பனை என்றால் பொருந்தச் செய்தல். ஆச்சரியம் என்னவென்றால், வடமொழி அலங்காரமும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. 'அலம்' என்றால் போதும், தகும். தகுந்ததாகச் செய்வது அலங்காரம். இரண்டிலும் ஏமாற்று இல்லை, வேடம் இல்லை. சிங்காரம் மட்டும் வேறு ரகம். அது சிருங்காரம், அதாவது காதற்சுவை. பார்க்கிற ஆள் ஒருவர் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் "சிங்காரிச்சுக்கொண்டு எங்க போறாய்?" என்று அம்மா கேட்டால் அது வெறும் கேள்வியாக இருப்பதில்லை.

பழைய இலக்கியத்தில் இந்தப் பார்க்கிற ஆள் விலகுவதே இல்லை. குறளில் கண்ணுக்கு மை இடுவதற்கு வினைச்சொல் 'எழுது'. 1127ஆம் குறளின் தலைவி, காதலர் கண்ணுக்குள்ளேயே இருக்கிறார், மை எழுதினால் மறைந்துவிடுவார், அதனால் எழுத மாட்டேன் என்கிறாள். ஏட்டில் எழுதுவதற்கும் கண்ணில் எழுதுவதற்கும் ஒரே வினை, பேனாவுக்கும் கண்ணுக்கும் ஒரே மை. சங்க காலத் தொய்யிலும் எழுதப்படுவதுதான். தோளிலும் மார்பிலும் குழம்பால் வரையும் கோலம் அது, பல பாடல்களில் எழுதுகிறவன் தலைவனே. ஒப்பனையில் ஆணுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பழைய பதில்.

ஒப்பனை பற்றிய ஆண்களின் கருத்துக்கு உதாரணம் தேடினால் கோவலனைத் தாண்டிப் போகத் தேவையில்லை. சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையில், மங்கல அணி ஒன்றே போதாதா, வேறு அணிகளை அணிவித்து உன்னை அலங்கரிக்கிறவர்கள் என்ன பெற்றார்கள் என்று கண்ணகியிடம் உருகுகிறான். பிறகு மாதவியிடம் போகிறான். அங்கே கடலாடு காதையில், ஊடியிருந்த அவனை மகிழ்விக்க மாதவி கூந்தலை நீராட்டும் தண்ணீரில் மட்டும் பத்துத் துவர் (துவர்ப்புச் சரக்குகள்), ஐந்து விரை (நறுமணப் பொருட்கள்), முப்பத்திரண்டு ஓமாலிகை (வாசனை மூலிகைகள்). அந்தப் பட்டியலுக்கு அவன் மறுப்புச் சொன்னதாக இளங்கோ எழுதவில்லை.

கொழும்பில் இதன் இன்றைய வடிவம்: "நீர் மேக்கப் போடாமலே நல்ல வடிவு." சொல்பவர் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் அவர் மேக்கப் இல்லை என்று நம்பும் முகத்தில் பெரும்பாலும் கண்ணுக்குக் கீழே கருவளையத்தை மறைக்கும் கன்சீலர், ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பரப்பிய பவுண்டேஷன், உதட்டு நிறத்திலேயே லிப்ஸ்டிக் எல்லாம் இருக்கும். அவர் கண்ணுக்குச் சிவப்பு லிப்ஸ்டிக்தான் மேக்கப். போட்டது தெரியாமல் போடுவதற்குத்தான் நேரமும் கைப்பழக்கமும் கூட வேண்டும், அதுவும் இந்தக் கடற்கரை ஊரின் வியர்வையில். காலையில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் கோட்டைக்குப் போகும் ரயிலுக்கு நிற்கும்போது, ஃபோன் கமராவைக் கண்ணாடியாகப் பிடித்து, மூக்கோரம் வழிந்த பவுடரை விரல் நுனியால் ஒற்றி, பொட்டைச் சரிசெய்யும் பெண்ணைப் பாருங்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. எட்டு மணி நேரம் கவுண்டரில் உட்காரப் போகிற முகத்தைத் தயார் செய்கிறாள்.

அதற்குச் சரியான சொல் எந்தப் பெயர்ப்பலகையிலும் இல்லை, நம் வாயில் இருக்கிறது: வெளிக்கிடுதல். "வெளிக்கிட்டாச்சோ?" என்றால் புறப்பட்டாயிற்றா என்றும் கேள்வி, உடுத்து, தலை இழுத்து, பவுடர் போட்டு முடிந்ததா என்றும் கேள்வி. பிள்ளையை வெளிக்கிடுத்துவார்கள், பொம்பிளையை வெளிக்கிடுத்துவார்கள், மாப்பிள்ளையும் வெளிக்கிடுவார். இந்தச் சொல்லில் பார்க்கிற ஆள் இல்லை. வாசலும் வெளியும்தான் இருக்கின்றன. பெண்கள் ஏன் மேக்கப் போடுகிறார்கள் என்று கேட்பவர் தன்னை நடுவில் வைத்துக்கொண்டு கேட்கிறார். இந்தச் சொல் அவரை மெதுவாக ஓரமாக நிற்கச் சொல்கிறது.

வெளி என்பது எப்போதும் ஒரே மாதிரி இருந்ததும் இல்லை. 1983 ஆடிக் கலவரத்திலும், பின்னர் சோதனைச்சாவடிகள் இருந்த காலத்திலும், இந்த ஊரில் தமிழ்ப் பெண்கள் பலர், தமிழர் என்று தெரியாமல் இருக்க, பொட்டை அழித்துவிட்டுத்தான் தெருவில் இறங்கினார்கள். அப்போது வெளிக்கிடுவது என்றால் போடுவதல்ல, எடுப்பது. "பொம்பிளையளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் அந்த ஆண்டுகளை மறந்துவிட்டுக் கேட்கிறார்கள்.

இனி, எழுதும்போது எதைப் பாவிப்பது? மேக்கப்புக்கு ஒப்பனை, மேக்கப் ஆர்ட்டிஸ்டுக்கு ஒப்பனைக் கலைஞர், கொஸ்மெட்டிக்ஸுக்கு அழகுசாதனப் பொருட்கள். இவை மூன்றும் பத்திரிகையில் நன்றாக நிலைத்துவிட்டன, தயங்காமல் எழுதலாம். ஒப்பனை அறை என்பதில் மட்டும் கவனம்: தமிழ்நாட்டில் சில இடங்களில் அது கழிப்பறைக்கான நாகரிகப் பெயர். நாடகக் குழுவோடு அங்கே போகிறவர்கள் அம்புக்குறியை நம்பிப் போய் விழிக்க வேண்டாம். லிப்ஸ்டிக்குக்கு உதட்டுச்சாயம் பொருந்துகிறது. பவுண்டேஷனுக்கு அடிப்பூச்சு என்று எழுதலாம், கேட்பதற்கு வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தாலும். நெயில் பொலிஷுக்கு நகப்பூச்சு நல்ல சொல்தான். ஆனால் புறக்கோட்டைக் கடையில் அப்படிக் கேட்டால் கடைக்காரப் பையன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கியூடெக்ஸா அக்கா?" என்பான். ஒரு கம்பனியின் பெயர் இங்கே எல்லாக் கம்பனிச் சரக்குக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அதை இனி யாரும் மாற்றப்போவதில்லை.