சிலந்தி கடித்த இடம் திரும்பத் திரும்ப வீங்குகிறதா?

எப்போதோ கடித்த சிலந்தியின் விஷம் உடம்பிலேயே தங்கி, அவ்வப்போது கிளம்பி வீங்க வைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். சிலந்தியின் விஷம் அப்படி வருஷக்கணக்கில் உடம்புக்குள் தங்கியிருக்காது. தர்மபுரியில் தோல் மருத்துவராக இருக்கும் நான் இதைச் சொன்னதும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் சுருங்கிவிடும். தன் வேதனையையே நான் நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொள்கிறார். நான் நம்புகிறேன். கால் மறுபடி மறுபடி வீங்குவது உண்மை. ஆறிய புண் திறந்துகொள்வது உண்மை. மழைக்காலம் வந்தால் கழுத்தில் கொப்புளம் வருவதும் உண்மை. அதற்கெல்லாம் பழைய விஷம்தான் காரணம் என்பதை மட்டும்தான் மறுக்கிறேன். காரணம் வேறு என்றால் மருந்தும் வேறு. பெரும்பாலும் அது நம் ஊரிலேயே கிடைக்கிற மருந்துதான்.

இங்கே தோலில் திடீரென எது வந்தாலும் விஷக்கடி, காணாக்கடி என்றுதான் முதலில் பேச்சு எழும். வேப்பிலை அடித்துப் பார்வை பார்ப்பார்கள், கயிறு கட்டுவார்கள், உப்பு, புளி, மீன், கோழி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். பார்வை பார்ப்பதால் மனசுக்குக் கிடைக்கும் தைரியத்தை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. கேடு வருவது காத்திருப்பதால். விஷம் இறங்கட்டும் என்று ஒரு மண்டலம், அதாவது 48 நாள், காலில் புண்ணோடு இருக்கும் சர்க்கரை நோயாளிக்கு விரலே போய்விடலாம். பத்தியம் என்று சர்க்கரை மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பயமாகவே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. தயவுசெய்து அதை நிறுத்தாதீர்கள்.

சரி, சிலந்தி உண்மையில் என்ன செய்யும்? வீட்டுச் சுவரில் பார்க்கும் சிலந்திகளில் பெரும்பாலானவற்றால் நம் தோலைத் துளைக்கவே முடியாது. துளைத்தாலும் கொஞ்சம் எரிச்சல், சிவப்பு, இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். கவனிக்க வேண்டிய ஒன்று மரப்பொந்துகளில் வாழும் பெரிய புலிச்சிலந்தி. பொசிலோதெரியா என்ற அந்தப் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. கடித்த உடனே வலி இருக்கும். பல மணி நேரம் கழித்துத் தசைகள் இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடிப்பு விட்டு விட்டுச் சில வாரங்கள் வரைகூட வரலாம். புளி உலுக்கவும் மாங்காய் பறிக்கவும் மரம் ஏறுகிறவர்கள் பொந்துக்குள் கை விடாமல் இருப்பது நல்லது. கடித்து ஒரு வாரம் கழித்துக் கெண்டைக்கால் இழுத்தால் அது சிலந்திக்கடியின் தொடர்ச்சியாக இருக்கலாம். ஐந்து வருஷம் கழித்து இழுத்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

தோலைக் கருக வைத்து ஆழமான புண் உண்டாக்கும் சிலந்தி லாக்சோசெலிஸ். அமெரிக்கக் கண்டங்களில்தான் அதன் தொல்லை அதிகம். அதன் விஷத்தில் உள்ள ஒரு நொதி தோலின் ரத்த ஓட்டத்தைக் கெடுத்துத் திசுவைச் சாகடிக்கிறது. அப்படிப்பட்ட புண்கூட ஆற வாரங்களோ மாதங்களோ ஆகும், பிறகு தழும்பாகிவிடும். அந்தச் சிலந்தியும் நாம் நினைப்பதுபோல் கடிப்பதில்லை. கன்சாஸ் மாநிலத்தில் ஒரு வீட்டில் 6 மாதத்தில் 2,055 லாக்சோசெலிஸ் சிலந்திகளைப் பிடித்தார்கள். அந்த வீட்டில் வருஷக்கணக்கில் குடியிருந்த குடும்பத்தில் ஒருவருக்கும் கடி இல்லை. ரிக் வெட்டர் என்ற சிலந்தி ஆய்வாளர் 2002இல் இதை எழுதினார். தெற்கு கலிபோர்னியாவில் சிலந்திக்கடி என்று சொல்லி மருத்துவமனைக்கு வந்த 182 பேரை ஆராய்ந்தபோது உண்மையான கடி 7 பேருக்குத்தான். சுமார் 86 விழுக்காட்டினருக்கு இருந்தது கிருமித் தொற்று. அந்த ஆய்வு 2011இல் வெளியானது. நம் ஊர்க் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனாலும் சிலந்தியைக் கண்ணால் பார்க்காமலேயே கடி என்று சொல்லும் வழக்கம் இங்கேயும் அதேதான்.

இனி, அதிகம் பேர் அவதிப்படும் விஷயத்துக்கு வருகிறேன். பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவரைப் போல எத்தனையோ பேர் என்னிடம் வருகிறார்கள். “வருஷத்துக்கு ரெண்டு தடவ குளிர் சொரம் வந்து, கால் செவந்து வீங்கிடுதுங்க டாக்டரம்மா. தொட இடுக்குல நெறி கட்டிக்குது. சிலந்தி கடிச்ச அதே காலுதான்.” இதற்குப் பெயர் செல்லுலைட்டிஸ். தோலுக்கு அடியில் உள்ள திசுவில் பாக்டீரியா பரவுவது. முதல் தடவை சிலந்தி கடித்த இடத்தைச் சொறிந்ததில்கூடக் கிருமி நுழைந்திருக்கலாம். அடுத்தடுத்து வருவதற்குக் காரணம் அந்த முதல் தொற்று விட்டுப்போன சேதம்தான். திசுக்களில் தேங்கும் நீரை எடுத்துச் செல்லும் நிணநீர்க் குழாய்கள் ஒவ்வொரு தொற்றிலும் கொஞ்சம் கெடுகின்றன. குழாய் கெட்டால் நீர் தேங்கும், நீர் தேங்கிய காலில் கிருமி சுலபமாகப் பெருகும், அது குழாயை இன்னும் கெடுக்கும். அதனால்தான் இரண்டு தடவை வந்தவருக்கு மூன்றாவது தடவை வரும் வாய்ப்பு கூடுகிறது.

கிருமி நுழையும் வழியை நான் விரல் இடுக்கில் தேடுவேன். சேற்றுப்புண், பித்தவெடிப்பு, நகச்சுத்தி, இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். நாள் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வரும் காலில் விரல் இடுக்கு வெள்ளையாக ஊறிப்போயிருக்கும், ஆனால் அதை யாரும் ஒரு நோயாகவே மதிப்பதில்லை. ராத்திரி கால் கழுவி, இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்தி, பூஞ்சைக்கான களிம்பு போடுங்கள். வெடிப்புக்கு வாசலின் போடுங்கள். வீக்கம் உள்ளவர்கள் உட்காரும்போது காலை உயரத்தில் வையுங்கள். இவ்வளவு சின்ன வேலையா என்று தோன்றும், ஆனால் இதை விடாமல் செய்கிறவர்கள் படுக்கையில் விழுவது நன்றாகக் குறைகிறது.

அப்படியும் வந்துகொண்டே இருந்தால் வழி இருக்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், அடிக்கடி செல்லுலைட்டிஸ் வந்த 274 பேரில் பாதிப் பேருக்குக் குறைந்த அளவு பெனிசிலின் மாத்திரையை ஒரு வருஷம் கொடுத்தார்கள். அந்த வருஷத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 22 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 37 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. மாத்திரையை நிறுத்திய பிறகு அந்தப் பாதுகாப்பு குறைந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2020இல் வெளியான இன்னொரு ஆய்வு கால் வீக்கம் உள்ளவர்களுக்கு அழுத்தக் காலுறை அணிவித்துப் பார்த்தது. அணிந்தவர்களில் 15 விழுக்காட்டினருக்கும், அணியாதவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் செல்லுலைட்டிஸ் திரும்ப வந்தது. எனக்கு இந்த இரண்டாவது ஆய்வு ரொம்பப் பிடிக்கும். மருந்துச் செலவு இல்லை, பக்கவிளைவும் குறைவு. ஆனால் காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அழுத்தக் கட்டு போட வேண்டும். நீங்களே மருந்துக்கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். பெனிசிலினும் அலர்ஜி கேட்டு, மருத்துவர் சொல்லிச் சாப்பிட வேண்டியது.

வீக்கமே இல்லாமல், கையிலோ உதட்டிலோ எப்போதும் அதே இடத்தில் வட்டமாகச் சிவந்து, எரிந்து, பிறகு கறுப்பாகத் தங்கிவிடுவது இன்னொரு வகை. ஆரம்பத்தில் எட்டுக்கால் பூச்சி கடித்தது என்று நினைத்திருப்பார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி: “அது வர்றதுக்கு முன்னாடி என்ன மாத்திரை போட்டீங்க?” யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் மூட்டுவலிக்கோ, வயிற்றுப்போக்குக்கோ, சளிக்கோ மருந்துக்கடையில் வாங்கிய ஏதோ ஒரு மாத்திரை இருக்கும். சில வலி மாத்திரைகளும் சில ஆன்டிபயாடிக்குகளும் சிலருக்கு இப்படிச் செய்யும். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் பழைய இடமே மறுபடி சிவக்கும். அந்த ஒரு மருந்தைக் கண்டுபிடித்துச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, இனி வாழ்நாளில் அதைத் தொடாமல் இருந்தால் போதும். அதே இடத்தில் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் கொத்தாக வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அந்த வைரஸ் நரம்பில் தங்கியிருந்து திரும்ப வரக்கூடியது.

மழைக்காலத்துக் கொப்புளத்துக்கு வேறு கதை. காலையில் எழுந்தால் கழுத்திலோ கண் பக்கத்திலோ கோடு இழுத்தாற்போல் சிவந்து, ஒன்றிரண்டு நாளில் கொப்புளமாகும். சிலந்தி மூத்திரம் பெய்துவிட்டது என்பார்கள். அது பெடரஸ் என்ற சின்ன வண்டு, கறுப்பும் ஆரஞ்சுமாகப் பார்வைக்கு எறும்பென்றே தோன்றும். டியூப்லைட் வெளிச்சத்துக்கு வரும். அது கடிப்பதில்லை. தூக்கத்தில் நாம் நசுக்கும்போது அதன் உடம்பிலுள்ள நச்சு நம் தோலில் படுகிறது. வருஷா வருஷம் வருவது பழைய விஷம் கிளம்புவதால் இல்லை, அந்தந்த வருஷத்துப் புது வண்டால். மேலே விழுந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள், பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஜன்னலுக்கு வலை அடித்து, கொசுவலைக்குள் படுத்தால் தொல்லை குறையும்.

ஆறி ஆறித் திறக்கும் புண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் என்றால் நரம்புச் சுருட்டலைச் சந்தேகிக்கலாம். நாள் முழுக்க நின்று வேலை செய்யும் டீ மாஸ்டர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் இது சகஜம். புண்ணைச் சுரண்டினாலோ வெட்டினாலோ இன்னும் பெரிதாகிறது என்றால் பயோடெர்மா கேங்ரினோசம் என்ற நோயாக இருக்கலாம். அதற்குக் கத்தி முதல் மருந்து இல்லை. வருஷக்கணக்கில் ஆறாத புண்ணின் ஓரம் தடித்து மேலெழுந்தால் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்கத் தயங்காதீர்கள். நெடுநாள் புண் அபூர்வமாகப் புற்றாக மாறும். சீக்கிரம் கண்டால் காப்பாற்றலாம்.

அவசரமான இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. காய்ச்சலோடு அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்புக்கு அடியிலோ, வலியே இல்லாமல், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்கரப் டைபஸ். கடித்தது கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. சரியான ஆன்டிபயாடிக்கை நேரத்தில் தொடங்கினால் காய்ச்சல் சீக்கிரமே இறங்கும், விட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கும். இன்னொன்று, ராத்திரி தரையில் படுத்தவருக்குப் பூச்சி கடித்த மாதிரி இருந்து, விடியும்போது வயிற்றுவலியோ, இமை தூக்க முடியாமலோ, பேச்சு குழறலோ இருந்தால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். அதன் கடியில் வலியும் தடமும் தெரியாமலே போகும். எந்தப் பூச்சி என்று விவாதித்துக்கொண்டு நிற்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாம்புக்கான விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

அந்த மருந்து சிலந்திக்கு வேலை செய்யாது. உண்மையாகவே சிலந்தி கடித்திருந்தால் சோப்பும் தண்ணீரும், துணியில் சுற்றிய ஐஸ், வலிக்கு பாராசிட்டமால், டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசி பற்றி ஒரு விசாரிப்பு, பெரும்பாலும் இது போதும். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், சுண்ணாம்பு தடவாதீர்கள். தோல் கறுத்துக்கொண்டே போனாலோ, சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போனாலோ, தசை இழுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கடிபட்டது குழந்தையாக இருந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

சித்தேரி மலையிலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வருகிறவர்களுக்கு, உங்கள் வீட்டுப் பெண்ணாக நான் சொல்வது இது. வீக்கமோ சிவப்போ இருக்கும்போதே செல்போனில் படம் எடுத்து வையுங்கள், வரும் நாளில் வற்றிப்போயிருந்தாலும் எனக்கு அது உதவும். கடைசியாகப் போட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள். பழைய சீட்டு, சர்க்கரைச் சோதனைத் தாள், யாராவது கொடுத்த தைலம், சூரணம் எதுவானாலும் கொண்டு வாருங்கள், திட்ட மாட்டேன். காய்ச்சலும் நடுக்கமும் இருக்கிற அன்று மட்டும் எனக்காகக் காத்திருக்காமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள், நடக்க முடியவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.